பழைய பிக்கப்புக்கு டர்போ: தண்டு தாங்குமா என்று முதலில் பாருங்கள்

(வானொலி விவசாய நிகழ்ச்சி உரை)



நம்ம தஞ்சைத் தரணியிலே வானொலியைக் கேட்டு நெல் நட்ட காலம் ஒன்று உண்டு. 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டு நட்ட விவசாயிகள், அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு விதையைப் பற்றிக் கேட்டார்கள், உரத்தைப் பற்றிக் கேட்டார்கள். இன்றைக்கு மாட்டு வண்டி நின்ற வாசலிலே பிக்கப் வண்டி நிற்கிறது. ஆகவே கேள்வியும் மாறிப்போச்சு.

கூத்தாநல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படிக் கேட்கிறார். அவரிடம் பழைய பிக்கப் ஒன்று இருக்கிறது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, பழைய மாதிரி டீசல் பம்ப். தை அறுவடையிலே நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால், வாய்க்கால் பாலத்து ஏற்றத்திலே வண்டி திணறுகிறது. பின்னாலே கரும்புகை தள்ளுகிறது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கிற மகன் சொல்கிறானாம், "அப்பா, பழைய டர்போ ஒன்னு வாங்கி நாமளே மாட்டிடலாம். புல்லிங் சும்மா அள்ளிக்கிட்டுப் போகும்" என்று. "மாட்டலாமாங்க? என்னென்ன பார்த்துக்கிட்டு இறங்கணும்?" என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்விதான். விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. அறுவடை நேரத்திலே வண்டி படுத்துவிட்டால் மூட்டை களத்திலேயே கிடக்கும். ஒரு மழை அடித்தால் போதும், ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். வண்டியிலே செய்கிற தவறு நெல்லிலே வந்து விடியும். அதனாலே நிதானமாக, கணக்குப் போட்டே பார்ப்போம்.

டர்போ என்ன செய்கிறது?

கொல்லன் பட்டறையிலே துருத்தி பார்த்திருப்பீர்கள். கரி அதேதான், உலையும் அதேதான். துருத்தி ஊதினால் நெருப்பு சீறுகிறது. காற்று கூடினால் எரிப்பு கூடும். டர்போவும் ஒரு துருத்திதான். ஆனால் அதை ஊதுவதற்கு ஆள் வேண்டாம். எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலே இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி எஞ்சினுக்குள்ளே தள்ளுகிறது. வீணாகப் போகிற புகையைக் கொண்டே வேலை வாங்கும் ஏற்பாடு.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் பூக்கி என்கிற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். 1905ல் காப்புரிமை வாங்கினார். 1920களில் ஜெர்மனியிலே இரண்டு பயணிகள் கப்பல்களில் இதை வைத்தார்கள். 1750 குதிரை சக்தி தந்த எஞ்சின் 2500 தந்தது. நம்ம தமிழ்நாட்டிலேயே சென்னையைச் சேர்ந்த டர்போ எனர்ஜி நிறுவனம் 1982ல் தொடங்கி, லாரிக்கும் காருக்கும் டர்போ செய்து வருகிறது. ஆகவே டர்போ என்பது மாயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. இடம் அறிந்து வைத்தால் நல்ல சாதனம்.

காற்றை மூட்டைக் கணக்கில் அளப்போம்

2.5 லிட்டர் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 2.5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் 3750 லிட்டர். வால்வு, ஃபில்டர் தடையெல்லாம் போக, சுமார் 3200 லிட்டர் உள்ளே போகும். நம்ம ஊர் வெயிலிலே அதன் எடை 3.7 கிலோ இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 220 கிலோ. 40 கிலோ மூட்டைக் கணக்கிலே ஐந்தரை மூட்டை காற்று!

புகையில்லாமல் எரிய வேண்டுமானால் 1 கிலோ டீசலுக்கு ஏறக்குறைய 20 கிலோ காற்று வேண்டும். அப்படியானால் 220 கிலோ காற்றிலே 11 கிலோ டீசல்தான் ஒழுங்காக எரியும். லிட்டர் கணக்கிலே சுமார் 13. அதிலிருந்து கிடைப்பது 60 குதிரை சக்தி. 5 ஹெச்.பி. மோட்டார் என்று சொல்கிறோமே, அதே அளவுகோல்தான். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? எரியாத டீசல் கரும்புகையாய்ப் போகும். பணம் புகையாய்ப் போகிறது என்பது இதுதான்.

இப்போது டர்போ வைக்கிறோம். டயருக்கு 30 பவுண்டு, 40 பவுண்டு காற்று அடிக்கிறோம். டர்போவிலே 7 பவுண்டு போதும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பவுண்டு. அதிலே பாதியைக் கூட்டுகிறோம். அப்படியானால் காற்று ஒன்றரை மடங்கு ஆகிவிடுமா? ஆகாது. சைக்கிள் பம்ப் அடித்தால் அடியிலே சுடுகிறதல்லவா? அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்று விரிந்துகொள்ளும். 35 டிகிரி காற்று 90 டிகிரிக்கு மேலே போய்விடும். ஆகவே எடைக் கணக்கிலே நாலில் ஒரு பங்குதான் கூடும். ஐந்தரை மூட்டை ஏழு மூட்டை ஆகும். இடையிலே இன்டர்கூலர் வைத்துக் காற்றை 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஏழரை மூட்டைக்கு மேல் கிடைக்கும்.

அதற்குத் தக்கபடி டீசலும் கூட்டினால் 60 குதிரை 75 ஆகலாம். நூறு, நூற்றிருபது என்று யாராவது சொன்னால் இந்த மூட்டைக் கணக்கைக் கேளுங்கள்.

யூரியா கற்றுக்கொடுத்த பாடம்

சக்தி கூடினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். பழைய நெட்டை ரகச் சம்பாவுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? பயிர் கருகருவென்று வளரும். கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்று அடித்தால் படுத்துவிடும். 1966ல் ஐ.ஆர். 8 வந்தபோது அது ஏன் உரத்தைத் தாங்கியது? குட்டைப் பயிர், தண்டு உறுதி. உரம் அதே உரம்தான். வித்தியாசம் தண்டிலே இருந்தது.

எஞ்சினும் அப்படித்தான். கம்பெனியே டர்போ வைத்து விடுகிற எஞ்சின் குட்டை ரகம். அதிலே பிஸ்டன் வேறு. பல எஞ்சின்களில் பிஸ்டன் அடியிலே எண்ணெய் பீய்ச்சி அடித்துக் குளிர்விக்கும் குழாய் உண்டு. ஹெட் கேஸ்கட் வேறு, டீசல் பம்ப் செட்டிங் வேறு, ரேடியேட்டரும் பெரிது. டாட்டாவின் 497 எஞ்சின் டர்போ இல்லாமலும் வந்தது, டர்போவுடனும் வந்தது. மகிந்திராவின் 2523 சி.சி. எஞ்சினும் அப்படி இரண்டு விதமாக வந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும். உள்ளே எல்லா உருப்படியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

டர்போ இல்லாத எஞ்சின் நெட்டை ரகம். ஓரளவு கூடுதல் தீனி தாங்கும். அளவு மீறினால் படுத்துவிடும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் அலுமினியக் கலவையில் ஆனது. எண்ணெயும் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் பிஸ்டன் உருகாமல் இருக்கிறது. டீசலை அள்ளிவிட்டு, பாரத்தோடு பத்து நிமிஷம் முழு மிதி மிதித்தால் அந்தக் காப்பு போதாமல் போய்விடும். பிஸ்டன் தலை ஓட்டை விழும், அல்லது ரிங் சிக்கிப் போர் கீறிவிடும்.

நம்ம பூமிக்கு எத்தனை குதிரை வேண்டும்?

இது முக்கியமான இடம், கவனமாகக் கேளுங்க. வண்டியும் பாரமுமாக 3 டன் என்று வைத்துக்கொள்வோம். திருவாரூர் மன்னார்குடி ரோடு போல சமதளத் தார் ரோட்டிலே 60 கிலோமீட்டர் வேகத்திலே போக எவ்வளவு சக்தி வேண்டும்? டயர் உராய்வு, எதிர்காற்று, கியர் பெட்டியில் போகிற நஷ்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 குதிரை சக்தி. பாலத்து ஏற்றம் 100 அடிக்கு 5 அடி உயரம் என்று வையுங்கள். கியரைக் குறைத்து 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 25 போதும். உங்களிடம் இருப்பதோ 60!

நம்பிக்கை வரவில்லையா? நாம் குட்டி யானை என்று சொல்கிற டாட்டா ஏஸ் வண்டியைப் பாருங்கள். 2005ல் வந்தபோது அதன் எஞ்சின் 702 சி.சி., இரண்டே சிலிண்டர், டர்போ கிடையாது, 16 குதிரை சக்தி. அதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் உரமும் வைக்கோலும் ஏற்றிக் குடும்பம் நடத்தினார்கள்!

டர்போ தன் அருமையைக் காட்டியது மலை உச்சியிலேதான். 1918ல் அமெரிக்காவிலே பைக்ஸ் பீக் என்கிற 14,000 அடி மலை மேலே விமான எஞ்சினை ஏற்றி டர்போவைச் சோதித்தார்கள். ஏனென்றால் உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. கொடைக்கானலிலே காற்று நம்ம ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பாரம் ஏற்றுகிறவனுக்கு டர்போ தேவை. நம்முடையது கடல் மட்டத்தை ஒட்டின பூமி. காற்றுக்குப் பஞ்சமில்லை, மலையும் இல்லை.

சேற்றுப் பாதையிலே வண்டி சிக்குகிறதே என்றால், அது டயர் பிடிமானத்தின் குறை. அங்கே டர்போ உதவாது. முதல் கியரிலே மெதுவாக ஊர்ந்து போகும்போது புகை வேகம் இருக்காது. புகை வேகம் இல்லாமல் டர்போ ஊதாது.

ஆகவே சட்டப்படியான பாரத்தோடு சமதள ரோட்டிலே 60 குதிரை எஞ்சின் திணறுகிறது என்றால், அந்த எஞ்சினுக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தம். நோயாளிக்கு டானிக் கொடுத்து ஏர் ஓட்டச் சொல்லக் கூடாது.

முதலில் வைத்தியம்

இவற்றை வரிசையாகப் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகிறோம்.

1. ஏர் ஃபில்டர். அறுவடைக் களத்துத் தூசியும் சுங்கும் ஒரே வாரத்தில் அடைத்துவிடும். காகித ஃபில்டரானால் மாற்றுங்கள். எண்ணெய்க் கிண்ணி வைத்ததானால் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். கரும்புகைக்குப் பாதி காரணம் இங்கேயே அகப்படும்.

2. டீசல் ஃபில்டர். அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஃபில்டரை மாற்றி வெகுநாளாகியிருந்தால் மாற்றுங்கள்.

3. சக்கரம். வண்டியைச் சற்று ஓட்டி நிறுத்தி, பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும். கிளட்ச் வழுக்கினாலும் புல்லிங் இருக்காது.

4. டாப்பட் செட்டிங், சைலன்சர் அடைப்பு. இரண்டையும் மெக்கானிக் ஒரு வேளையில் பார்த்துவிடலாம்.

5. நாசில். கழற்றிப் பம்ப் கடையில் கொடுத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தெளிப்பான் போலப் பொடியாகத் தூவ வேண்டும். சொட்டினால் கரும்புகை வரும், பிஸ்டனும் கெடும். அப்படியே டீசல் பம்பையும் சோதித்து வாங்குங்கள்.

6. எஞ்சின் அமுக்கம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். புசுபுசுவென்று புகை தள்ளினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

புகையின் நிறமும் பேசும். கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

பாரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் பாரத்துக்கு ஆர்.சி. கொடுத்த வண்டியில் 40 கிலோ மூட்டை 37தான் ஏற்றலாம். 60 மூட்டை ஏற்றினால் அது 2400 கிலோ. டர்போ மாட்டினாலும் அனுமதித்த பாரம் ஒரு கிலோகூடக் கூடாது. எஞ்சின் இழுத்துவிடும், பிரேக் நிறுத்த வேண்டாமா? அச்சும் பட்டையும் தாங்க வேண்டாமா?

அப்படியும் மாட்டத்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு உண்மையிலேயே தேவை இருக்கலாம். மலைப்பக்கம் வாடகைக்குப் போகிறவர்கள் இருக்கலாம். அவர்கள் எப்படித் திட்டமிட வேண்டும் என்று சொல்கிறேன். மாட்டாதவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் யாராவது சுலபமாகப் பேசினால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஸ்பானர் எடுப்பது அதற்கு அப்புறம்தான். 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு என்ன சொல்கிறது? கம்பெனி எப்படிச் செய்து ஆர்.சி.யில் பதிந்திருக்கிறதோ, அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஞ்சினையே மாற்றுவதானாலும் ஒப்புதல் வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மாட்டிவிட்டு நாளைக்கு ஒரு விபத்து என்றால், நஷ்ட ஈட்டிலே வழக்கு வந்து நிற்கும். எழுத்து மூலம் கேளுங்கள், எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். முடியாது என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கைக்காசு மிச்சம்.

அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வண்டி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்த பி.எஸ். 6 டீசல் பிக்கப்புகளைத் தொடவே வேண்டாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள வண்டி அது, டர்போவும் ஏற்கெனவே இருக்கும். நாம் பேசுவது பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினைப் பற்றி. அதிலும் நாலு சிலிண்டர் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டர்போவை மறந்துவிட்டு எஞ்சின் வேலையைப் பாருங்கள்.

மூன்றாவது, டர்போ தேர்வு. அதே அளவு சி.சி. எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த டர்போவே பொருந்தும். பெரிய லாரி டர்போ சும்மா கிடைக்கிறது என்று வாங்கினால், நம் எஞ்சின் புகைக்கு அது சுற்றவே சுற்றாது. ரொம்பச் சிறிதானால் வேகத்தில் மூச்சை அடைக்கும். பழையது வாங்கினால் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்து இறகு கூட்டிலே உரசியிருந்தாலோ வாங்காதீர்கள்.

நாலாவது, மேனிபோல்டு. வார்ப்பு இரும்பில் செய்ததாக இருக்க வேண்டும். தகட்டை வளைத்து வெல்டிங் வைத்தால் சூட்டிலும் ஆட்டத்திலும் விண்டுபோகும். பக்கத்தில் டீசல் குழாய், ஒயர், ரப்பர் ஹோஸ் எதுவும் போகக் கூடாது. வெப்பத் தகடு கட்டாயம் வேண்டும். டர்போ கூடு பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி. மேலே டீசல் கசிந்தால் வண்டி எரிந்துவிடும்.

ஐந்தாவது, எண்ணெய். வீட்டில் மாட்டுகிற டர்போவெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன. டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் உள்ள இடத்திலிருந்து சுத்தமான எண்ணெய் வர வேண்டும். திரும்பிப் போகிற குழாய் அகலமாக, நேர் கீழாக, வளைவு தொங்கல் இல்லாமல் இறங்க வேண்டும். சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். வடிகால் சரியில்லாத வயலில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, இதிலே தேங்கினால் எண்ணெய் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும். டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திக்கொண்டு டாப் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துங்கள். காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்கலாம், கையால் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

ஆறாவது, அளவு. 7 பவுண்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அதற்கு மேல் போகாமல் திறந்துவிடும் வேஸ்ட்கேட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏரிக்குக் கலங்கல் மாதிரி அது. டாஷ்போர்டில் இரண்டு மீட்டர் வையுங்கள். ஒன்று காற்று அழுத்தத்துக்கு, மற்றது புகைச் சூட்டுக்கு. பழைய எஞ்சினில் டர்போ வாய்க்கு முன்னால் 650 முதல் 700 டிகிரிதான் எல்லை. முள் அங்கே போனால் காலை எடுத்துவிட வேண்டும். சூட்டு மீட்டர் இல்லாமல் டர்போ ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதுதான்.

ஏழாவது, டீசல். இது கடைசியில்தான். முதலில் டீசலைக் கூட்டாமலே டர்போவோடு சில நாள் ஓட்டுங்கள். கசிவு, சத்தம், எண்ணெய் எல்லாம் பாருங்கள். பிறகு பம்ப் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள். ரோட்டோரத்தில் ஸ்க்ரூவைத் திருகிவிடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

எட்டாவது, கூட வரும் செலவு. ரேடியேட்டர் கழுவ வேண்டும். கிளட்ச் புதிது வேண்டும். பிரேக் முழுதும் பார்க்க வேண்டும். ஆயில் உயர்ந்த தரத்தில், பழைய கெடுவில் பாதிக் கிலோமீட்டருக்கே மாற்ற வேண்டும். டர்போ விலையை மட்டும் பார்த்து இறங்கினவர் பாதியில் நிற்பார். ஒரு தாளில் இத்தனையும் எழுதி, உங்க ஊர் விலையை எதிரே போடுங்கள். கீழே கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையோடு இந்த வண்டியை விற்ற பணத்தையும் சேர்த்தால், கம்பெனி டர்போ வைத்த நல்ல செகண்ட் ஹேண்ட் பிக்கப் வருமா என்று விசாரியுங்கள். வந்தால் அதுதான் புத்தி. சட்டச் சிக்கலும் இல்லை.

மைலேஜ் கூடும் என்று நம்பியும் மாட்ட வேண்டாம். கையால் மாட்டுகிற டர்போவில் சக்தி கூடக் கூட நம்ம காலும் அழுத்தும். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் தேறாது.

கம்பெனி டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு

நாலே வார்த்தை. பாரத்தோடு ஓடி வந்தவுடன் படக்கென்று சாவியை அணைக்காதீர்கள். ஒன்று இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் நின்று, தண்டில் கருகிவிடும். காலையில் கிளப்பியதும் உறுமவிடாதீர்கள், எண்ணெய் மேலே ஏறட்டும். ஆயிலைத் தள்ளிப்போடாதீர்கள். ஏர் ஃபில்டர் கிழிந்தால் உடனே மாற்றுங்கள், ஒரு நெல் உமி போனாலும் இறகு கெடும். புதிதாக விசில் சத்தம் கேட்டு, புல்லிங்கும் குறைந்தால் முதலில் காற்று ஹோஸில் கசிவு பாருங்கள். ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்ததற்கு டர்போவையே மாற்றினவர்கள் உண்டு.

கூத்தாநல்லூர் அண்ணனுக்கு

இனி கேள்வி கேட்ட அண்ணனுக்கு வருகிறேன். உங்க மகன் ஆசைப்படுவதிலே தப்பு இல்லைங்க. கையிலே தொழில் ஆர்வம் இருக்கிற பிள்ளையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். லீவு முடிவதற்குள் அந்தத் தம்பியிடமே வேலையைக் கொடுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து கம்ப்ரஷன் வரைக்கும் மேலே சொன்ன ஆறையும் அவரே கூட இருந்து பார்க்கட்டும். எந்தெந்தத் தேதியில் என்ன பார்த்தோம், மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பிறகு 37 மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பாலத்தில் ஏறிப் பாருங்கள்.

நீங்கள் சொல்கிற கரும்புகையைப் பார்த்தால், காற்று வருகிற வழியிலோ நாசிலிலோதான் முதல் சந்தேகம். அது சரியானால் பாலத்தில் வண்டி தானாக ஏறும். ஏறவில்லை, எஞ்சின் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், டர்போவுக்கு வைத்த பணத்தை ரிங்குக்கும் போருக்கும் போடுங்கள். அதுக்கும் மேலே வேணும் என்று தோன்றினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறுங்கள்.

உரம் போடுவதற்கு முன்னால் தண்டைப் பார்க்கிறவர் நீங்கள். வண்டிக்கும் அதே கண்ணோடு பாருங்கள். அறுவடைக்கு வண்டி வாசலில் தயாராக நிற்கட்டும், நெல் ஈரம்படாமல் போய்ச் சேரட்டும்.